குச்சிக்காட்டுக் குட்டிக் குளவி

ராசிபுரம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நெய் என்பீர்கள். இங்கிலீஷ் லிட்டரேச்சர் எடுத்துப் படிப்பவர்கள், ஆர்.கே.நாராயண் பேரில் முதலில் நிற்கும் அந்த 'ஆர்' எங்க ஊர்தான் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். ரெண்டுமே கரெக்ட். ஆனால் ஒரு நாள் ஜன்னலோர சீட் பிடித்து, நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். விரலை விரித்த கை மாதிரி இலையோடு, ஆளுயரத்துக்கு நிற்கிற ஒரு செடி ரோட்டின் ரெண்டு பக்கமும் கூடவே வரும். புத்தகத்தில் மரவள்ளி. நம்ம பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசி இதிலிருந்துதான் வருகிறது. 2023-ல் 'சேலம் ஜவ்வரிசி'க்குப் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டோம். உங்கள் கிளாஸில் நாலு பேரையாவது இந்தக் கிழங்குதான் படிக்க வைத்துக்கொண்டிருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

இந்த வாரம் நான் அறிமுகப்படுத்தப்போகிறவர், அந்தக் குச்சிக்காட்டில் குடியிருப்பவர். உயரம், நீளம் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மில்லிமீட்டர். ஒரே ஒரு ஜவ்வரிசி மணி மேல் மூணு பேர் தாராளமாக உட்காரலாம். பெயர் அனகைரஸ் லோபெசி. ஜாதி, அதாவது பூச்சி ஜாதி, குளவி.

குளவின்னதும் பயந்து ஓடாதீங்க. இது மனுஷனைக் கொட்டாது. கொட்ட நினைத்தாலும் நம் தோலில் ஏறாது.

கதையை 2020-லிருந்து ஆரம்பிக்கலாம். நாமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த ஏப்ரல் மாதம், கேரளாவில் திருச்சூர் பக்கம் மரவள்ளியில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். பீனகாக்கஸ் மேனிஹோட்டி. இந்தியாவில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்ததோ, நடவுக்கு வாங்கிய குச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்ததோ, கொஞ்ச காலத்திலேயே நாமக்கல், சேலம் காடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. செடியின் நுனி முழுக்க வெள்ளை மாவு அப்பியிருக்கும். கொழுந்து சுருண்டு, இலையெல்லாம் ஒரே இடத்தில் கொத்தாகக் குவிந்து, வளர்ச்சி நின்றுபோகும். அப்புறம் கீழே கிழங்கு எங்கே வைக்கும்?

மருந்து அடிச்சா போச்சு என்று தோணும். அங்கேதான் சிக்கல். அந்த வெள்ளை மாவு மெழுகு. அடிக்கிற மருந்து பாதி வழுக்கிக்கொண்டு போய்விடும். சுருண்ட கொழுந்துக்குள் இருப்பவற்றை எட்டவே எட்டாது. இன்னொரு கொடுமை, இந்த மாவுப்பூச்சியில் ஆணே தேவையில்லை. எல்லாம் பெண். தனியாகவே ஆளுக்குச் சில நூறு முட்டை போடும். காட்டில் ஒன்றே ஒன்று தப்பித்தாலும் போதும், கம்பெனி மறுபடி ஆரம்பம்.

இப்போது நம்ம ஹீரோயினுக்கு வருவோம். (ஆமாம், ஹீரோயின்தான். வேலை செய்வதெல்லாம் பெண் குளவி.)

'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. மண்குளவி கூட்டுக்குள் ஒரு புழுவைக் கொண்டுபோய் வைக்கிறது, கூட்டை அடைக்கிறது, சில நாள் கழித்து உள்ளேயிருந்து குளவி வருகிறது. நடுவில் நடந்ததுதான் யாருக்கும் தெரியவில்லை. புழு குளவியாக மாறவில்லை பாஸ். புழு, குளவிக் குஞ்சுக்குக் கட்டிவைத்த டிபன் பாக்ஸ்.

நம்ம லோபெசிக்கு மண்கூடு கட்டுகிற வேலையும் இல்லை. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையைச் செருகிவிடும். முட்டை பொரிந்து வரும் புழு, உள்ளேயிருந்தபடி மாவுப்பூச்சியைத் தின்னும். மாவுப்பூச்சி செத்து, உப்பி, காய்ந்து, பழுப்பு நிறத்தில் ஒரு கூடாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பெயர் மம்மி. எகிப்து மம்மிதான், அம்மா இல்லை. ரெண்டு மூணு வாரத்தில் அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். பேனும் ஒட்டுண்ணிதான், ஆனால் பேன் நம்மைக் கொல்வதில்லை. இந்தக் குளவிகள் கடைசியில் ஆளைத் தீர்த்துவிடும். அந்த வித்தியாசம்தான் விவசாயிக்கு லாபம்.

இதில் ஒரு கணக்கு வேறு இருக்கிறது. குளவிகளில் விந்து சேர்ந்த முட்டை பெண்ணாகும், சேராத முட்டை ஆணாகும். எந்த முட்டை எங்கே என்று தாய்தான் முடிவு செய்கிறாள். மாவுப்பூச்சி சின்னதாக இருந்தால், சாப்பாடு கம்மி, ஆண் முட்டை. பெரிசாக இருந்தால் பெண் முட்டை. பெண் குஞ்சுக்குப் பெரிய சாப்பாடு ஒதுக்குகிற அந்த வழக்கத்தை நம்ம வீடுகள் இன்னும் கத்துக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் குளவி இங்கே பிறந்த ஊர்க்காரி இல்லை. அவள் எப்படி வந்தாள் என்பதில்தான் இந்த வாரத்தின் மெயின் மேட்டரே இருக்கிறது. அதற்கு ஐம்பது வருஷம் பின்னால், ஆப்பிரிக்காவுக்குப் போகணும்.

மரவள்ளி தென் அமெரிக்காச் செடி. போர்ச்சுகீசியர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கோடிக்கணக்கான பேருக்கு அதுதான் சோறு. 1970-களின் ஆரம்பத்தில் காங்கோ பக்கம் இதே மாவுப்பூச்சி முளைத்தது. பத்தே வருஷத்தில் கண்டத்தின் குறுக்கே ஒரு பட்டையாகப் பரவியது. 1977-ல் மட்டீல்-ஃபெரரோ என்ற பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானி, காங்கோ மாதிரிகளை வைத்து இதற்குப் பெயர் வைத்தார். செடி தென் அமெரிக்கா என்றால் பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கணும், பூச்சியைத் தின்கிற எதிரியும் அங்கேதான் இருக்கணும். சிம்பிள் லாஜிக். தேடக் கிளம்பினார்கள்.

தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அச்சு அசல் அதேதான். அதன் உடம்பிலிருந்து வந்த குளவிகளைக் கொண்டுவந்து ஆப்பிரிக்க மாவுப்பூச்சியிடம் விட்டுப் பார்த்தால்... சீந்தவே இல்லை! காசு, நேரம், உழைப்பு எல்லாம் வீண். மாவுப்பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் துளைகளையும் மயிர்களையும் எண்ணிப் பார்க்கிற ஆட்களிடம் போனபோதுதான் குட்டு உடைந்தது. அது வேற இனம். அந்த இனத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததோ பெண் மட்டும். 1981-ல் ஜெனிஃபர் காக்ஸும் வில்லியம்ஸும் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். வைத்த பெயர் பீனகாக்கஸ் ஹெரெனி. ஆப்பிரிக்காவில் இந்த வேட்டையை நடத்திக்கொண்டிருந்த ஹான்ஸ் ஹெரன் பெயரில்! தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று, கிடைத்ததற்குத் தேடியவர் பெயர்.

அதே 1981-ல் அந்தோணி பெலோட்டி என்பவர் பராகுவே நாட்டில் நிஜ மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார். அதோடு அதன் எதிரியும் சிக்கியது. நம்ம லோபெசி. இங்கே கவனியுங்கள். லோபெசியை அடையாளம் சொல்ல ரொம்பக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் அர்ஜென்டினாவில் லூயிஸ் டி சாண்டிஸ் என்ற பூச்சியியலாளர் 1964-லேயே அதற்குப் பெயர் வைத்து, உறுப்பு உறுப்பாக எழுதி வைத்துவிட்டார். அப்போது அந்தக் குளவியால் யாருக்கும் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. 'இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா' என்று அவரை யாராவது கேட்டிருந்தால்கூட நான் ஆச்சரியப்படமாட்டேன். பதினேழு வருஷம் கழித்து ஒரு கண்டத்தின் சாப்பாட்டுத் தட்டு அந்தப் பக்கத்தில் வந்து நின்றது.

லண்டனில் தனிமைக் காவல் முடித்து, குளவி நைஜீரியாவின் இபாடானுக்குப் போனது. 1981 கடைசியில் முதல் தடவை காட்டில் விட்டார்கள். பிறகு 25-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் நிலைத்தது. மாவுப்பூச்சி அடங்கியது. 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. ரெண்டு கோடி உயிர்கள் பிழைத்தன என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்.

2008-ல் மாவுப்பூச்சி தாய்லாந்து போனது. பின்னாலேயே, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியும் போனது. 2020-ல் நம்மிடம் வந்தது. பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-ல் அதே பெனினிலிருந்து லோபெசியை வரவழைத்தது. வந்த உடனே திறந்துவிட முடியாது. நம்ம ஊரின் நல்ல பூச்சிகளைத் தொந்தரவு செய்யுமா, கூடவே வேறு எதையாவது அழைத்து வந்திருக்கிறதா என்று பூட்டிவைத்துச் சோதித்தார்கள், பெருக்கினார்கள். 2022 மார்ச்சில் முதல் தடவையாக இந்திய மண்ணில் விட்ட இடம் எது தெரியுமா? நம்ம ஏத்தாப்பூர். மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் ரோட்டைப் பிடித்தால் எட்டிவிடுகிற தூரம். பராகுவே, லண்டன், இபாடான், பெனின், பெங்களூரு, ஏத்தாப்பூர். பாஸ்போர்ட் இல்லாமல் இத்தனை ஸ்டாம்ப் வேறு யாருக்குக் கிடைக்கும்?

'மாவுப்பூச்சிக்குக் குளவி, அவ்ளோதானே?' என்று நினைத்தால் அங்கேதான் வழுக்கும். 2008-ல் கோயம்புத்தூரில் ஆரம்பித்து நம்ம பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் உலுக்கியது வேற மாவுப்பூச்சி. அதற்குப் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. அதை அடக்க 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது வேற குளவி, அசிரோபேகஸ் பப்பாயே. ஒரே குச்சிக்கொழுந்தில் ரெண்டு மாவுப்பூச்சியும் உட்கார்ந்திருக்கலாம். தூரத்தில் பார்த்தால் ரெண்டும் வெள்ளை. ஆனால் அதன் குளவி இதைத் தொடாது, இதன் குளவி அதைத் தொடாது. எது எது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கொஞ்சம் பார்க்கலாமா?

லோபெசி சேர்ந்த பெருங்குடும்பத்துக்கு கால்சிடாய்டியா என்று பெயர். அடையாளம் சுலபம். றெக்கையில் பெரிய குளவி மாதிரி நரம்பு வலைப்பின்னல் இருக்காது. முன்னோரமாக ஒரே ஒரு நரம்பு ஓடும், அதிலிருந்து ஒரு சின்னக் கிளை. கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். நிறைய பேர் பச்சை, நீலம், செம்பு என்று பட்டுப்புடவை ஜரிகை மாதிரி மின்னுவார்கள். உலகம் முழுக்க இதுவரை பெயர் வைத்தது சுமார் 22,500 இனம். இன்னும் பெயர் வைக்காததையும் சேர்த்தால் ஐந்து லட்சம் வரை போகலாம் என்கிறார்கள். உலகத்திலேயே அதிக வகை உள்ள உயிர் வண்டுதான் என்று ஸ்கூலில் மனப்பாடம் செய்தோமே, அதற்கே இப்போது ஆபத்து. ஒவ்வொரு வண்டுக்கும், ஒவ்வொரு அந்துப்பூச்சிக்கும் தனக்கென்று ஒரு குட்டிக் குளவியாவது இருக்குமென்றால், குளவிதானே ஜாஸ்தி வரும் என்று 2018-ல் சிலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கென்னவோ அந்தக் கட்சிதான் ஜெயிக்கும் என்று தோன்றுகிறது.

இந்தக் கூட்டத்தில் இல்லாத ஆளே இல்லை. கரும்புக்காட்டில் அட்டையில் ஒட்டிக் கட்டிவிடுகிறார்களே முட்டை ஒட்டுண்ணி, அதுவும் இந்தக் குடும்பம். அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்று பழிக்கிறோமே, அந்தச் சொத்தைக்குள் பறப்பதும் இதே குடும்பம். லோபெசியின் நெருங்கிய உறவான கோப்பிடோசோமா போடுகிற ஒரே முட்டை, புழுவின் உடம்புக்குள் பிரிந்து பிரிந்து ரெண்டாயிரம் குஞ்சாகும். அதில் சில வளரவே வளராது, வேற குளவியின் குஞ்சு வந்தால் கடித்துக் கொல்லும் காவலுக்கு மட்டும். இன்னொரு உறவில் ஆணின் நீளம் 0.139 மில்லிமீட்டர். கண் இல்லை, றெக்கை இல்லை. உங்கள் லேபில் சொட்டுத் தண்ணீரில் பார்க்கிற பாரமீசியம், ஒற்றை செல் உயிர், அதைவிடப் பெரிசு!

இத்தனையையும் வகை பிரிப்பது லேசான வேலையா? சண்டை தீரவே இல்லை. வெகு காலம் இருபது சொச்சம் குடும்பம் என்றிருந்தது. டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்து, 2022-ல் ஐம்பது குடும்பம் என்று பிரித்தார்கள். பெயரும் மாறிக்கொண்டே இருக்கும். நம்ம லோபெசியே அபோஅனகைரஸ் என்று பிறந்து, எபிடினோகார்சிஸ் என்று ஆப்பிரிக்காவில் புகழ்பெற்று, கடைசியில் அனகைரஸ் என்று செட்டில் ஆனது. ப்ராஜெக்டுக்காக நெட்டில் தேடுகிறவர்கள் மூணு பேரையும் போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் பழைய ஆராய்ச்சி பாதி சிக்காது.

இதில் எனக்குப் பிடித்த கேரக்டர் ஜிரோ. அமெரிக்காவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த மனுஷர். மூவாயிரத்துக்கும் மேல் இனங்களுக்குப் பெயர் வைத்தவர். ஷேக்ஸ்பியர் பெயரை, கதே பெயரை எல்லாம் குளவிக்கு வைத்தார். இல்லிங்வொர்த் என்ற சக பூச்சியியலாளரோடு ஆகவில்லை என்று, இல்லாத ஒரு பூச்சிக்கு அவர் பெயரைத் திரித்து வைத்து, வியாழன் கிரகத்தில் பிடித்ததாக எழுதி அச்சடித்தே வெளியிட்டார். கோட்டி என்றார்கள். ஆனால் பாருங்கள், 2000-களில் பஞ்சாப், குஜராத் பருத்தியை ஒரு மாவுப்பூச்சி நாசம் பண்ணியபோது, யாரும் கூப்பிடாமல் ஒரு குளவி தானாக வந்து அதை அடக்கியது. அலிகார் பல்கலைக்கழகத்தின் முகமது ஹயாத் 2009-ல் அதற்குப் புது இனம் என்று பெயர் வைத்தார். இந்தியாவில் இந்தக் குடும்பத்துக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை, 2006-ல் ஒரு தனிப் புத்தகமே எழுதியவர். ஐந்து வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால், அதே குளவிக்கு 1915-லேயே ஒருத்தர் பெயர் வைத்திருக்கிறார். யார்? நம்ம ஜிரோ!

தமிழ்நாட்டுப் பெயர் வேண்டுமா? தஞ்சாவூரில் 1908-ல் பிறந்த எம்.எஸ்.மணி. இந்தியாவின் கால்சிட் குளவிகளுக்கு 1938-லேயே பட்டியல் போட்டவர். அப்போது அவருக்கு வயது முப்பது.

இவை எப்போதிலிருந்து இருக்கின்றன? மரப்பிசின் இறுகி அம்பராகும்போது மாட்டிக்கொண்ட பூச்சிதான் சாட்சி. லெபனான் நாட்டு அம்பரில் சுமார் 13 கோடி வருஷத்துக்கு முந்தைய குளவிகள் கிடைத்து, 2023-ல் அவற்றுக்கென்றே ஒரு புதுக் குடும்பம் உண்டாக்கினார்கள். டைனோசர் காலம். அப்போதே றெக்கையில் நரம்பு குறைந்த இந்தச் சைஸ் வந்துவிட்டது. நம்ம நாட்டிலும் அம்பர் உண்டு. நெய்வேலியில் தோண்டுகிறோமே பழுப்பு நிலக்கரி, அதே மாதிரி குஜராத் சுரங்கத்தில், ஐந்து கோடி வருஷத்துக்கு முந்தைய அம்பர், உள்ளே நூற்றுக்கும் மேல் பூச்சி வகைகள்.

ஆனால் அம்பரில் குளவி கிடைப்பதால் அது என்ன தின்றது என்று தெரியாது. பிரான்ஸில் குவெர்சி என்ற இடத்தில் கல்லாகிப்போன ஈக்கூடுகள் கிடைத்தன, மூன்றரைக் கோடி வருஷத்துக்கு முந்தையவை. நூறு வருஷத்துக்கு மேல் மியூசியம் டப்பாவில் தூங்கின. 2018-ல் 1,510 கூடுகளை எக்ஸ்ரேயில் ஊடுருவிப் பார்த்தார்கள். 55 கூட்டுக்குள் ஈ இல்லை. றெக்கை மடக்கிய குளவி, வெளியே வரத் தயாராக! கால்சிட் இல்லை, சொந்தக்காரக் குடும்பம். அதில் ஒன்றுக்கு 'ஏலியன்' படத்து மிருகத்தை நினைத்து ஸீனோமார்ஃபியா என்று பெயர் வைத்தார்கள். மார்பைக் கிழித்துக்கொண்டு வருமே, அதேதான்.

சரி, இதெல்லாம் படித்து என்ன பண்ண என்று கேட்பவர்களுக்கு ஒரு வேலை. வீட்டில் குச்சிக்காடு இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஃப்ரெண்ட் வீட்டுக் காட்டுக்குப் போங்கள். கொழுந்தில் வெள்ளை மாவுக்கு நடுவே பழுப்பாக, கெட்டியாக ஒட்டியிருக்கும் மம்மியைத் தேடுங்கள். வட்ட ஓட்டை இருந்தால் ஆள் கிளம்பியாச்சு. ஓட்டை இல்லாததை இலைத்துண்டோடு வெட்டி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை வேட்டித்துணியால் கட்டி நிழலில் வையுங்கள். மம்மி நிறைய இருக்கும் காடு என்றால், அப்பாவிடம் மருந்து அடிக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மெழுகுப் போர்வை மாவுப்பூச்சிக்குத்தான் உண்டு, குளவிக்குக் கிடையாது. முதலில் சாவது அதுதான்.

பாட்டிலில் வருவதெல்லாம் லோபெசி என்று முடிவு கட்டாதீர்கள். லோபெசி புழுவுக்குள்ளேயே முட்டை வைக்கிற குளவிகளும் உண்டு. திருடன் வீட்டில் திருடுகிற பார்ட்டி. அதுவும் அதே சைஸ்தான். நடுக்கால் கொண்டு டக்கென்று குதிக்கிறதா, கொம்பு எப்படி, எல்லாம் லேப் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். வந்ததை ஆல்கஹாலில் போட்டு, உள்ளேயே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். தேதி, ஊர், என்ன செடி, எந்த மாவுப்பூச்சி. நாலும் இல்லையென்றால் அந்தக் குளவியை யாரும் சீந்தமாட்டார்கள். பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.